ஏழில் ஓர் ஓட்டு

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் கவனித்திருப்பார்கள். தேர்தல் வந்துவிட்டால் வீடுகளின் முன்னால் புல்தரையில் சின்னச் சின்ன அட்டைகள் முளைக்கும். பெரிய தலைகளின் பெயர்களுக்கு நடுவே, ‘ஸ்கூல் போர்டு’ என்ற வரியோடு உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரும் நிற்கும். அவர் ஒரு மனநல ஆலோசகராக இருக்கலாம். “என் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள்” என்று வாசல் வாசலாகச் சொல்லி ஓட்டுக் கேட்பார்.

அங்கே 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உண்டு. நம் மாவட்டங்களைப் போல நினைத்துவிட வேண்டாம். ஒரு சிற்றூரே தனி மாவட்டமாக இருக்கலாம். ஹவாயில் மட்டும் மாநிலம் முழுக்க ஒன்றே. ஒவ்வொன்றையும் நடத்துவது ஒரு பள்ளி வாரியம். பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது பேர், மக்களே தேர்ந்தெடுப்பவர்கள். பல ஊர்களில் ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயர்கூட இருக்காது, சம்பளமும் கிடையாது. ஜிம்மி கார்ட்டரின் பொதுவாழ்க்கை தொடங்கியது ஜார்ஜியாவில் ஒரு பள்ளி வாரியத்தில்தான்.

மனநலம் தெரிந்தவருக்கு வாரியத்தில் என்ன வேலை? 2021-இல் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கெடுப்பில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 42 சதவீதம் பேர் விடாத சோகத்திலும் நம்பிக்கையின்மையிலும் இருந்ததாகச் சொன்னார்கள். 2023-இல் அது 40. 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சலர் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம். 2022–23 கல்வியாண்டின் தேசிய சராசரி 385-க்கு ஒருவர். (நம் ஊரில் கவுன்சிலர் என்றால் சாக்கடை அடைப்புக்கு நாம் தேடிப் போகிறவர். இவர் வேறு.)

சிக்கல் பணத்தில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு மத்திய அரசு பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் கொடுத்தது. பல மாவட்டங்கள் அதில் கவுன்சலர்களை வேலைக்கு வைத்தன. அதன் கடைசித் தவணைக்கான கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது. யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2022-இல் வந்த சட்டம் மனநலப் பணியாளர்களுக்கென 100 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த மானியங்களை நிறுத்துவதாக 2025 ஏப்ரலில் கல்வித்துறை அறிவிக்க, பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. மேலிருந்து வரும் பணம் நின்றால் சம்பளச் சுமை மாவட்டத்தின் தலையில் விழும். மாவட்ட பட்ஜெட்டுக்குக் கைதூக்குகிறவர்கள் வாரிய உறுப்பினர்கள்.

இங்கேதான் ஆலோசகருக்கு மதிப்பு. பரிவு எல்லா வேட்பாளருக்கும் உண்டு, குறைந்தபட்சம் துண்டுப்பிரசுரத்தில். ஆனால் “நாலு கவுன்சலர் இருக்கிறார்கள்” என்று பட்ஜெட் தாளில் பார்த்ததும், “அவர்கள் பிள்ளைகளோடு உட்காருவது எத்தனை மணி நேரம்? பாட அட்டவணை போடுவதும் தேர்வு நடத்துவதும் எத்தனை மணி நேரம்?” என்று கேட்க, அந்த வேலையின் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லையும் உண்டு. கூட்டத்துக்கு வெளியே உறுப்பினருக்குத் தனி அதிகாரம் இல்லை. ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ முடியாது. அது வாரியம் அமர்த்தும் சூப்பரின்டென்டென்டின் நிர்வாகம். தன் பிள்ளையின் வகுப்புத் தகராறில் பதவியைக் காட்டக் கூடாது. ஆலோசனைக்காகத் தன்னிடம் வந்தவர்கள் சொன்னதை மேடையில் உதாரணமாகக்கூட எடுக்கக் கூடாது. கையில் இருப்பது ஓர் ஓட்டு. அதை அற்பம் என்றும் சொல்லமுடியாது. 2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் வாரியத்தின் ஏழு பேரில் ஐந்து பேர் ஆதரித்ததால்தான் நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டத்தில் வகுப்பு நாள் முழுக்கக் கைபேசிக்குத் தடை வந்தது. மாணவர் மனநலமும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போட சான் பிரான்சிஸ்கோ 2018 முதல் அனுமதிக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தனியாகப் பதிய வேண்டும். அந்த விவரங்கள் குடியேற்றத் துறையின் கைக்குப் போகலாம் என்று தேர்தல் அலுவலகமே எச்சரிக்கிறது, யோசித்துப் பதியுங்கள். மற்ற பெரும்பாலான ஊர்களில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்றாலும் வாரியக் கூட்டத்தின் கதவு திறந்தே இருக்கும். பெயர் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் பேசலாம்.