சதுரங்கப் பேரெண்ணின் உள்ளமைப்பு

சதுரங்கப் பலகையின் கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். முதற் கட்டத்திற்கு ஒரு தானிய மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு அறிஞர் ஸிஸ்ஸா மன்னனிடம் வேண்டினார் என்பது கதை. 13ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இதனை எழுதிவைத்துள்ளார். மன்னனின் களஞ்சியம் போதாமற்போன வியப்போடு நாம் நின்றுவிடுகிறோம்; அவ்வெண்ணுக்குள் புகுந்து பார்ப்பதில்லை.

அவ்வெண் 18446744073709551615. ஒன்றும் இரண்டும் நான்கும் சேர ஏழு. அடுத்த கட்டத்தின் எட்டில் ஒன்று குறைவு. அவ்வாறே 64 கட்டங்களின் கூட்டுத்தொகையும், 64 இரண்டுகளைப் பெருக்கி வரும் எண்ணில் ஒன்று குறைந்ததாகும். பேரறிஞர் அல்பிரூனி (973–1048) தொடர்ந்து வர்க்கம் காணும் வழியால் இதனைக் கணித்தார். 2, 4, 16, 256, 65536, 4294967296 ஆகியவற்றுள் ஒவ்வொன்றும் முந்தியதன் வர்க்கம். இன்னும் ஒருமுறை வர்க்கம் கண்டு ஒன்றைக் கழித்தால் நம் எண் கிட்டும்.

ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்று குறைத்தால், அவ்வெண்ணோடு ஒன்று கூட்டியதும் ஒன்று கழித்ததும் பெருகிய பலன் வரும். ஏழின் வர்க்கம் 49, ஒன்று குறைய 48, அது 8×6. இவ்விதியைப் படிப்படியாகச் செலுத்தினால் நம் பேரெண் 3×5×17×257×65537×4294967297 எனப் பிரிகின்றது. என்னே இதன் ஒழுங்கு!

இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா 1640இல் கருதினார். நிறுவ இயலவில்லை என்பதையும் அவரே கூறினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1732இல் ஆய்லர் ஆறாவது எண்ணைப் பிளந்து காட்டினார்: 4294967297 = 641×6700417. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 64ஆல் வகுக்க ஒன்றே மீதி வரவேண்டும் என அவர் பின்னாளில் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருவன. ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடுகிறது! 4294967297 முதலாக அவ்வரிசையின் 28 எண்கள் பகு எண்களே என இன்று தெளிந்துள்ளது. ஆறாவது பகா எண் இதுவரை அகப்படவில்லை.

ஃபெர்மாவின் கருத்து பொய்த்தது; அவர் கண்ட வரிசை பொய்க்கவில்லை. நம் பேரெண்ணோடு இரண்டைக் கூட்டினால் வருவதே அவ்வரிசையின் ஏழாம் எண். முந்திய ஆறனுள் ஒன்றின் காரணி இதனையும் வகுக்குமாயின், எஞ்சிய இரண்டையும் வகுத்தாக வேண்டும். யாவும் ஒற்றை எண்களாதலின் அது இயலாது. எனவே இதன் காரணிகள் முற்றிலும் புதியன. 1880இல் லாண்ட்ரி கண்ட 274177 அவற்றுள் ஒன்று. ஒவ்வோர் அடியிலும் இவ்வாறே புதிய பகா எண் தோன்றுமாதலின், பகா எண்களுக்கு முடிவில்லை என்பது இங்கேயே உறுதியாகிறது.

பேரறிஞர் கூற்றேயாயினும், ஐந்து சான்றுகள் ஆறாவதற்குப் பிணை நில்லா. நிறுவப்பட்டதோ எண்ணிலியாகிய எண்களுக்கும் பிணை நிற்கும். கணிதம் பயில்வோர் மட்டுமன்றி, எதனையும் ஆய்ந்து ஏற்க விழையும் நாம் அனைவரும் நெஞ்சில் இருத்தத்தக்க வேறுபாடு இது.