ஐம்பதைத் தாண்டிய வணிகர்களும் புராஸ்டேட் நலமும்

காலையில் கடை திறந்து, இரவு கல்லாவைப் பூட்டிக் கணக்கு முடித்து வீடு திரும்பும் தொழில் நம்முடையது. சரக்கு இருப்பைத் தினமும் பார்க்கிறோம். வரவேண்டிய பாக்கியை மறப்பதில்லை. உடம்பின் கணக்கை மட்டும் ஐம்பது வயது கடந்தும் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்த வயதில் ஆண்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று புராஸ்டேட் சுரப்பி.

எங்கே இருக்கிறது?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, அக்ரூட் அளவில் இருக்கும் சிறு சுரப்பி இது. வயது ஏற ஏறப் பலருக்கு இது பெருக்கிறது. இந்தச் சாதாரண வீக்கம் புற்றுநோய் அல்ல. புற்றுநோய் தனி. அதற்கு முக்கியக் காரணங்கள் வயதும் பரம்பரையும். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. இவற்றை நாம் மாற்ற முடியாது. மாற்றக் கூடியவற்றைப் பார்ப்போம்.

எடையும் புகையும்

உடல் பருத்தவர்களுக்கு முற்றிய நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். இந்நோய் வந்தவர்களில் புகைபிடிப்போர் அதனால் இறக்கும் வாய்ப்பும் கூடுதல். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து, டீக்கு வடை, மாலைக்கு பஜ்ஜி, கடை கட்டியபின் வயிறு முட்டப் பரோட்டா என்று இருந்தால் தொப்பை போடாமல் என்ன செய்யும்?

தக்காளி மருந்தா?

1995-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், தக்காளி உணவுகளை அடிக்கடி உண்ட ஆண்களுக்கு இந்நோய் குறைவாக வந்ததாக வெளியிட்டனர். தக்காளியின் சிவப்புச் சத்தான லைக்கோபீன் காரணமாகலாம் என்றனர். பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே மாதிரி உறுதி செய்யவில்லை. எனவே தக்காளி நல்ல உணவு, மருந்து அல்ல. சிறிது எண்ணெயில் வதக்கிச் சமைத்தால் அச்சத்து உடம்பில் நன்கு சேரும். நம் வீட்டுத் தொக்கே போதும்.

மாத்திரை தந்த பாடம்

வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகள் இந்நோயைத் தடுக்குமா என்று 2001-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 35,000-க்கும் அதிகமான ஆண்கள் சேர்ந்தனர். பலன் தெரியாததால் 2008-ல் மாத்திரை நிறுத்தப்பட்டது. 2011-ல் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது: வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களுக்கு நோய் 17 சதவீதம் அதிகம்! டப்பாவில் வருவதெல்லாம் நன்மை செய்யும் என்று நம்பலாகாது.

விற்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, புற்றுநோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். அப்படி அச்சிட்ட அட்டையைக் கடை முகப்பில் தொங்கவிடும் முன் யோசிப்பது நல்லது.

நாம் செய்யக் கூடியவை

1. தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடப்போம். அருகிலுள்ள மண்டிக்கு வண்டி வேண்டாம்.

2. காய்கறி, கீரை, பருப்பு கூடட்டும். பொரித்த பண்டமும் இனிப்பும் குறையட்டும்.

3. இரவு உணவைக் கடையிலிருந்தே வரவழைத்தாவது நேரத்தோடு முடிப்போம்.

4. பீடி, சிகரெட்டை அடியோடு விடுவோம்.

5. சிறுநீர் தடைப்பட்டாலோ, இரவில் பலமுறை எழ நேர்ந்தாலோ, ரத்தம் கலந்தாலோ உடனே டாக்டரிடம் போவோம்.

தொடக்கத்தில் இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். ஆகவே ஐம்பது வயதில், குடும்பத்தில் நோய் இருந்தால் நாற்பத்தைந்திலேயே, பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை நமக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேட்டறிய வேண்டும். அதில் நன்மையும் உண்டு, தேவையற்ற சிகிச்சைக்கு இட்டுச் செல்லும் சங்கடமும் உண்டு.

இப்பழக்கங்கள் புற்றுநோயே வராது என்று உத்தரவாதம் தருவன அல்ல. ஆனால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் இவையே காவல். முதலுக்கு மோசமில்லாத இந்த வியாபாரத்தை இன்றே தொடங்குவோம்.