மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம்
(வானொலி உரை)



பூச்சி மருந்து வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், மருந்தின் பெயரைப் பார்க்கிறோம். லேபிளில் காற்றாடிப் பட்டம் போலச் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம் இருக்கிறதே, அதைப் பார்க்கிறோமா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் "இது எவ்வளவு பொல்லாத விஷம்" என்று சொல்வதற்காகவே யோசித்து அமைத்த படம் அது.

பூச்சிக்கொல்லி விதிகள், 1971, இந்த அடையாளத்துக்கு அளவு வகுத்திருக்கின்றன. லேபிள் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் அது இருக்க வேண்டும். சதுரத்தின் மேல் பாதியில் எச்சரிக்கை, கீழ்ப் பாதியில் நிறம்.

நிறத்துக்கு என்ன கணக்கு? சோதனை விலங்குகளில் பாதி செத்துப்போக, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வயிற்றுக்குள் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. 1 முதல் 50 வரை என்றால் சிவப்பு. மண்டை ஓடும் எலும்பும் இதற்கு மட்டுமே உண்டு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை.

"சிவப்பு முக்கோணம்னா பூச்சி சீக்கிரம் சாகும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. நிறம் சொல்வது நமக்கு வரும் ஆபத்தை. பூச்சியைக் கொல்லும் திறனை அல்ல. பூச்சி எது, பயிர் எது என்று பார்த்துத்தான் மருந்து வாங்க வேண்டும். "பச்சைதானே, பயமில்லே" என்பதும் தவறு. பச்சையும் மருந்துதான், கையுறையும் முகத்துணியும் அதற்கும் வேண்டும்.

நிறத்தைப் போலவே பாட்டிலின் வடிவமும் பேசும். மிச்ச மருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் என்ன ஆகும்? சாய்சதுரம் போச்சு, பெயரும் போச்சு. "என்னைக் குடி" என்று சொல்கிற பாட்டில்தான் மிச்சம். வெயிலில் விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வேறென்ன தெரியும்?

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த நிறம் கரும்பழுப்பு. பல நாடுகளில் அதைக் குளிர்பானம் என்று நினைத்துக் குடித்தவர்கள் உண்டு. அதனால்தான் நீலச் சாயமும், குமட்டும் நாற்றமும், வாந்தி வரவழைக்கும் பொருளும் அதில் சேர்க்கலானார்கள். இவ்வளவு செய்தும் அது உயிரைக் குடிக்கிற விஷமாகவே இருக்கிறது. ஆகவே சாயத்தை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும். மூடியை இறுக்கி, பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பெட்டி அடுப்படிப் பக்கமே வேண்டாம். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ எடுக்காதீர்கள். தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால், ஆளோடு அந்த டப்பாவையும், கூட வந்த காகிதத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். விஷம் எதுவென்று டாக்டருக்கு உடனே தெரிந்தால் சிகிச்சை தாமதமாகாது.

இன்று இரவே சாய்சதுரத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் அந்த நிறங்கள் புரியும்.