படத்திலிருந்து இறங்கி வந்த வேதாளம்

"வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிற்று" என்ற பழமொழியைச் சொல்லாதவர் நம்மில் யார்? விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த பீடியை மறுநாளே பற்றவைக்கும் பெரியவரைப் பார்த்தும் சொல்கிறோம். தேர்வுக்கு முதல்நாள் திரையரங்கு வாசலில் நிற்கும் நண்பனைப் பார்த்தும் சொல்கிறோம். ஆனால் அந்த வேதாளத்தின் உருவம் எப்படியிருக்கும் என்று நம் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள்: சுடுகாடு, மண்டை ஓடுகள், உருவிய வாளுடன் நடக்கும் அரசன், அவன் தோளில் தொங்கும் உடல். ஒரு தலைமுறையின் மனத்தில் ஒரே படம் பதிந்தது எப்படி? அந்தப் படம் தொலைக்காட்சியில் வேடம் கட்டி வந்தபோது என்ன ஆயிற்று? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை மிகப் பழையது. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த சோமதேவர் வடமொழியில் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்னும் பெருநூலில் வேதாளத்தின் 25 கதைகள் உள்ளன. ஒரு துறவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, மரத்தில் தொங்கும் பிணத்தை அரசன் சுமந்து வருகிறான். வழியில் பேசக்கூடாது. பிணத்தினுள் இருக்கும் வேதாளமோ கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மரத்திற்கே திரும்பிவிடும். வடமொழியில் அது சிம்சுபா மரம். தமிழ் வழக்கில் அது நம் கொல்லைப்புறத்து முருங்கையாகிவிட்டது!

இக்கதைக்கு நம் காலத்து உருவம் தந்தது 'அம்புலிமாமா' இதழ். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய இதழ் அது. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. அதில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்து புகழ்பெற்றவர் 'சங்கர்' என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரன். 1924 இல் பிறந்த இத்தமிழர், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். 2020 இல் மறைந்தார். 2021 இல் பத்மஸ்ரீ விருது அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. 25 கதைகளும் தீர்ந்த பிறகும் இதழ் நிற்கவில்லை. வேறு கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்துப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. கதைகள் மாறின, அரசனும் அவன் தோள் சுமையும் மாறவில்லை. ஒரே படம் ஊன்றிய காரணம் இதுதான்.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1985 இல் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதாள்' என்ற இந்தித் தொடர் ஒளிபரப்பாயிற்று. தயாரித்தவர் இராமானந்த சாகர். அரசனாக அருண் கோவில் நடித்தார். 1987 இல் 'இராமாயணம்' தொடரில் இராமனாக வந்தவரும் அவரே. வேதாளமாக நடித்தவர் சஜ்ஜன். வெண்ணிற நீள்முடி, வெள்ளை உடை, உரத்த சிரிப்பு! அத்தொடர் சோமதேவர் கதையைத் தழுவியதேயன்றி அம்புலிமாமாவைத் தழுவியதன்று. எனினும் அம்புலிமாமா படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, படத்திலிருந்த வேதாளமே இறங்கி வந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். என் தாத்தா நெய்வேலி முதல் சுரங்கத்தில் பணியாற்றியவர். அப்போது அம்மாவுக்கு எட்டு வயது. நகரியத்தில் அவர்கள் இருந்த குவார்ட்டர்சுக்கு அடுத்த வீட்டில் பீகாரிலிருந்து வந்த குடும்பம் இருந்தது. அந்த வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த வட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அவர்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது.

"பிறகு எப்படியம்மா புரிந்தது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தாத்தா வாங்கிவந்த அம்புலிமாமாவிலே எல்லாம் இருந்ததே! ராஜா எப்போ வாயைத் திறப்பான், அது எப்போ பறக்கும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். கேள்வி மட்டும்தான் புரியாது. அதை அந்த வீட்டு மாமி அரைகுறைத் தமிழிலே சொல்லுவாங்க. நாங்க பதில் சொல்லிட்டுத்தான் ராஜாவைச் சொல்ல விடுவோம்" என்றார்.

"பயமாக இல்லையா?"

"நம்ம வேதாளம்தானே, அதுக்கென்ன பயம்?"

இந்த 'நம்ம வேதாளம்' என்ற சொல்லின் பொருள் எனக்குச் சென்ற ஆண்டுதான் விளங்கிற்று. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதாளம் கதையை நடித்துக் காட்டுவதென்று முடிவாயிற்று. வேதாளம் நான். பழைய வேட்டி, சணலால் முடி, முகத்தில் அரிசிமாவு. வேப்பமரத்தின் பின்னிருந்து சிரித்துக்கொண்டே குதித்தேன். அவ்வளவுதான்! முன்வரிசைச் சிறுவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு குழந்தை அழுத அழுகையில் அதன் தாய் வந்து என்னைக் கேட்ட கேள்விக்கு, விக்கிரமாதித்தனாலும் விடை சொல்லியிருக்க முடியாது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் வேடமின்றிச் சென்று தரையில் அமர்ந்தேன். வீட்டிலிருந்து தருவித்த பழைய அம்புலிமாமா படங்களைக் கைக்குக் கை கொடுத்தேன். பிறகு தலை மாறிய கதையைச் சொன்னேன். இறந்துகிடந்த கணவனையும் அண்ணனையும் பிழைக்கவைக்கும் அவசரத்தில், ஒருவர் தலையை மற்றவர் உடலில் பொருத்திவிடுகிறாள் ஒரு பெண். இருவரில் யார் அவள் கணவன்? உறுப்புகளில் தலையே முதன்மை. ஆகவே கணவன் தலையை உடையவனே கணவன் என்பது அரசனின் விடை. ஆனால் ஒரு சிறுவன் எழுந்து, "மண்வெட்டி பிடிச்சு வேலைக்குப் போறது கைதானே அண்ணா? அப்ப கை யாருதோ அவருதான்" என்றான். தோப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டது. அந்த ஆரவாரத்தினிடையே அவர்கள் கண்முன்னேயே சணல் முடியைத் தலையில் வைத்தேன். முதல்நாள் அழுத குழந்தை வந்து அதைப் பிடித்து இழுத்தது!

வேடம் தன்னளவில் ஒரு திடுக்கிடலே என்பதை அன்று உணர்ந்தேன். அதைக் குழந்தைக்கு உரியதாக்க முன்பின் பழக்கம் வேண்டும். குழந்தை பேசுவதற்கு இடமும் வேண்டும். நம் தெருக்கூத்து இதை என்றோ அறிந்திருந்தது. கிரீடமும் புஜகீர்த்தியுமாக வேடக்காரர் சபைக்கு வருமுன், வருபவர் யாரென்று சொல்லக் கட்டியங்காரன் இருக்கிறான். அமெரிக்காவில் 1969 இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் 'பிக் பேர்ட்' என்னும் மஞ்சள் பறவையும் அப்படியே. ஆளை விஞ்சும் உயரமிருந்தும் அது ஆறு வயதுப் பிள்ளையைப் போலத் தப்புத் தப்பாகப் பேசும். பார்க்கும் குழந்தை திருத்தும். அதன் இந்திய வடிவமாக 2006 இல் வந்த 'கல்லி கல்லி சிம் சிம்' தொடரில் 'பூம்பா' என்ற சிங்கம் உலவியது. என் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகளிலோ, அம்புலிமாமாவும் அடுத்த வீட்டு மாமியுமே கட்டியங்காரர்கள்.

தாத்தா ஓய்வுபெற்று குவார்ட்டர்சைக் காலி செய்தபோது, கட்டுக்கட்டாக இருந்த அம்புலிமாமா இதழ்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. ஒரு கட்டை மட்டும் அம்மா சேலைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். முகாமில் என்னைக் காப்பாற்றியது அந்தக் கட்டுதான். இன்று அவ்விதழ் வெளிவருவதில்லை. பழைய தொடரைக் கைப்பேசியில் எவரும் பார்க்கலாம். ஆனால் பேதாள் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்க ஒருவர் அருகில் இருக்கிறாரா?

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம். எல்லோரும் அண்ணனாகவோ அக்காளாகவோ இன்றே இருக்கிறோம். விடுமுறையில் வீட்டுப் பரணைத் தேடுங்கள். ஒரு பழைய இதழாவது கிடைத்தால் ஒரு குழந்தையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லுங்கள், கேள்வியைக் கேளுங்கள், விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறட்டும். அது ஏறினால்தான் அடுத்த கதை பிறக்கும்.