பல நிரல்கள், ஒரே முகம்

ஒரு கல்லூரியின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். நூலகப் பட்டியலுக்குக் கோஹா, பாடங்களுக்கு மூடில், செய்திகளுக்குப் புளோன் என்று மூன்று நிரல்கள் அங்கே இயங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பெர்ல் மொழியிலும், அடுத்தது பி.எச்.பி.யிலும், மூன்றாவது பைத்தானிலும் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி எழுத்து. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் மாணவன், வேறு எங்கோ வந்துவிட்டோமோ என்று திகைக்கிறான். கடவுச்சொல்லைத் தட்டலாமா? போலித் தளங்கள் மலிந்த இந்நாளில் அவனுடைய ஐயம் நியாயமானதே!

ஒவ்வொரு நிரலிலும் தோற்றத்தை மாற்ற வழி உண்டு. ஆனால் மூன்றுக்கும் மூன்று வழி. கல்லூரியின் சின்னம் மாறினால் மூன்று இடத்தில் வேலை. ஆகவே நிரல்களைத் தொடாமல், அவற்றுக்கும் வாசகருக்கும் நடுவில் ஒரு வடிகட்டியை நிறுத்துகிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? வலைப்பக்கம் என்பது குறிகள் இடப்பட்ட எழுத்துத் தொகுப்பு. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று குறிகள் சொல்லும். வடிகட்டி அதைப் படித்து, கிளை விட்ட மரம்போல மனத்தில் அமைத்துக்கொள்கிறது. (கணிப்பொறிக்கு ஏது மனம்? நினைவகத்தில் என்று திருத்திக்கொள்ளுங்கள்.) அதன் கையில் ஒரு மாதிரிப் பக்கமும் சில விதிகளும் இருக்கும். 'வரும் பக்கத்தில் பாடம் உள்ள கிளையை வெட்டி, மாதிரிப் பக்கத்தின் நடுவில் ஒட்டு. பழைய தலைப்புப் பட்டையை நீக்கு.' விதிகள் இவ்வளவு எளியவை. டயாசோ என்ற கருவி இத்தகைய விதிகளை எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழிக்கு மாற்றிக்கொள்கிறது. மரங்களை உருமாற்றுவதற்கென்றே 1999-இல் வெளியிடப்பட்ட மொழி அது.

குறி 'இது என்ன' என்று சொல்வதால்தான் இது முடிகிறது. 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் ஜி.எம்.எல். என்ற குறிமொழியை உருவாக்கினார்கள். பெயரின் மூன்று எழுத்தும் அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே! அவர்களுக்கு வந்த சிக்கலும் இதைப் போன்றதுதான். சட்ட அலுவலகங்களுக்காக, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நிரல்களை ஒரே ஆவணத்தில் வேலை செய்ய வைக்க வேண்டியிருந்தது.

வடிகட்டி செய்பவர் கவனிக்க வேண்டியவை உண்டு. நிரல் பக்கத்தை அனுப்பும்போது 'இதன் நீளம் 4,000 பைட்' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உருமாறியபின் அது 9,000 ஆகிவிட்டது என்று கொள்வோம். பழைய எண்ணைத் திருத்தாவிட்டால், உலாவி 4,000 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். பாதிப் பக்கம் காணாமற் போகும்! சுருக்கி அனுப்பிய பக்கமானால் முதலில் விரிக்க வேண்டும். படங்களையோ தொடவே கூடாது. நிரலின் புதிய பதிப்பில் ஒரு கிளையின் பெயர் மாறினாலும் விதி அதைக் கண்டுபிடிக்காது. நடுப்பகுதி வெறுமையாக வரும். ஆகவே ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

இன்று பல தளங்களில் சர்வர் ஏறக்குறைய வெற்றுப் பக்கத்தையே அனுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உலாவிக்குள் வந்த பிறகுதான் மரத்தைக் கட்டுகிறது. நடுவில் நிற்கும் வடிகட்டி அந்த மரத்தைப் பார்ப்பதே இல்லை. அத்தகைய தளங்களில், எல்லா நிரல்களுக்கும் பொதுவான சி.எஸ்.எஸ். நடைத்தாளைக் கொடுத்து நிறத்தையும் எழுத்தையும் ஒன்றாக்குகிறார்கள்.