மரத்துக்குச் சிகிச்சை செய்பவர்கள்

எங்கள் தெருக்கோடியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் மேற்குக் கிளை, ஐப்பசி மழையில் ஊறிக் கனத்து எதிர்வீட்டு மொட்டைமாடியின் மேல் சாயத் தொடங்கியபோது, அதை அகற்றுவதற்காக அழைத்து வரப்பட்ட பெரியவர் தோளிலிருந்த வடக்கயிற்றைக் கீழே வைத்தவுடன் மரத்தில் ஏறிவிடவில்லை. மூன்று முறை அதைச் சுற்றி வந்தார். வேரடியில் மண் எங்கேனும் வெடித்திருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகினால் அடிமரத்தை இடுப்புயரத்திலிருந்து கைக்கெட்டும் உயரம் வரை மெல்லத் தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் ஓசை மாறியதும் நின்று, மறுபடி தட்டி, காதைப் பட்டையோடு சேர்த்து வைத்துக் கேட்டார். நோயாளியின் நாடியைப் பிடித்திருக்கும் வைத்தியரின் முகத்தில் காணும் கவனத்தை அன்று அவர் முகத்தில் கண்டேன். இங்கிலாந்தில் இதே பரிசோதனையை நைலான் சுத்தியலால் செய்கிறார்கள். அங்கும் இங்கும் காது தேடுவது ஒன்றைத்தான்: உள்ளே வைரம் உறுதியாக இருக்கிறதா, உளுத்துப் பொந்தாகிவிட்டதா என்பதை.

அந்த நாட்டில் இந்த ஜீவனத்தை மேற்கொண்டவரை 'ட்ரீ சர்ஜன்' என்கிறார்கள். மரத்துக்கு ரணசிகிச்சை செய்பவர் என்று பொருள். நம்மிடையே அவருக்கு 'மரம் வெட்டுகிறவர்' என்று பெயர். ஒருவரை எந்தப் பெயரால் அழைக்கிறோமோ அந்த வேலையைத்தான் அவரிடம் கேட்கிறோம் என்பது என் அபிப்பிராயம். மரத்துக்கும் பிணி உண்டு, பிணிக்குச் சிகிச்சை உண்டு என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. வராகமிகிரர் தமது பிருஹத் சம்ஹிதையில் விருக்ஷாயுர்வேதத்துக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். சுரபாலர் அந்தப் பெயரிலேயே தனி நூல் இயற்றி, மனித சரீரத்துக்கு உரைப்பதுபோல மரத்தின் நோய்களையும் வாதம், பித்தம், கபம் என்று வகுத்து மருந்து சொன்னார்.

இக்காலத் தொழிலுக்கு அடிகோலியவர்களுள் முக்கியமானவர் ஜான் டேவி. 1846-இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்து, பின்னர் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் கென்ட் என்னும் ஊரில் குடியேறிய அவர், 1901-இல் 'மர வைத்தியர்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். பல் வைத்தியர் சொத்தையைச் சுரண்டி அடைப்பதுபோல, மரப்பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்டு இட்டு அடைப்பது அக்காலத்துச் சிகிச்சை. வெட்டிய இடத்துக்கு வர்ணமோ தாரோ பூசுவதும் வழக்கமாயிருந்தது. அன்போடு செய்த காரியம்தான். ஆயினும் மரத்தின் இயல்பு அப்போது சரியாக அறியப்பட்டிருக்கவில்லை.

அதை அறிந்து சொன்னவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராயிருந்த அவர், மோட்டார் ரம்பத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துத் திறந்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆயின என்று பார்த்தார். நம் தோலில் பட்ட காயம் ஆறுகிறது. கெட்டுப்போன சதை போய்ப் புதுச் சதை வருகிறது. மரத்துக்கு அந்தச் சக்தி இல்லை. காயம்பட்ட பகுதியை அது ஒருபோதும் புதுப்பிப்பதில்லை. அழுகல் பரவாதபடி அதைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி, அறை கட்டி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. 1977-இல் அவர் விளக்கமாக வெளியிட்ட இந்த உண்மை தொழிலையே மாற்றிவிட்டது. பொந்தை அடைக்கும் சிமெண்டு வீண் என்று ஆயிற்று. பூச்சுகளும் அழுகலைத் தடுப்பதில்லை என்று தெரிந்தது. வெட்டுகிறவன் எந்த இடத்தில் வெட்டுகிறான் என்பதே மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

அந்த இடம் எது? கிளை அடிமரத்தோடு சேரும் மூட்டைச் சற்றுக் குனிந்து பாருங்கள். சட்டைக் கழுத்துப் பட்டையைப் போல ஒரு புடைப்பு அதைச் சுற்றி ஓடும். அழுகலைத் தடுக்கும் சுவர் எழும்புவது அந்தக் கழுத்தில்தான். பார்வைக்கு வழவழப்பாயிருக்க வேண்டுமென்று அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் கழுத்தும் சேர்ந்து போய்விடுகிறது. முழம் நீளம் மொட்டையாக விட்டாலோ, அந்தக் கட்டை பட்டுப்போய் அழுகலுக்கு வாசலாகிறது. ஆகவே தேர்ந்தவர்கள் மூன்று வெட்டாக வெட்டுவார்கள். முதலில் கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில், மேல் நோக்கிக் கால் பங்கு ஆழம். அதற்குச் சற்று வெளியே மேற்புறமிருந்து இரண்டாவது வெட்டு. கிளை முறியும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகாமல் முதல் வெட்டில் வந்து நின்றுவிடும். மிஞ்சிய கட்டையைக் கையில் தாங்கிப் பிடித்து, கழுத்துக்கு வெளியே, கழுத்தைத் தொடாமல், மூன்றாவது வெட்டு. எங்கள் தெருவுக்கு வந்த பெரியவர் எந்தப் பள்ளியிலும் இதைப் படித்தவரல்லர். ஆயினும் கீழ்வெட்டு இல்லாமல் எந்தக் கிளையிலும் அவர் கை வைக்கவில்லை. காரணம் கேட்டேன். "மேலேருந்து மட்டும் வெட்டினா தோலை உரிச்சிக்கிட்டுப் போயிடும் சார்" என்றார்.

மரத்தின் மேல் கழியும் நாள் எத்தகையது என்பதைக் கீழே நிற்பவர் எளிதில் உணர முடியாது. மேல்நாட்டுத் தொழிலாளி இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை பூட்டி, கிளைக்கவட்டில் மாட்டிய கயிற்றில் தம் பாரத்தைத் தொங்கவிட்டு, சுமையேறும்போது இறுகி, கையால் தள்ளும்போது நகரும் ஒருவகை முடிச்சை நம்பி இயங்குகிறார். 1931-இல் கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி வெளியிட்ட முடிச்சின் வழிவந்தது அது. ரம்பத்தின் சங்கிலி காலில் பட்டால் நார் நாராகப் பிரிந்து சங்கிலியைச் சிக்க வைக்கும் கால்சட்டை, செவிமூடி, தலைக்கவசம் எல்லாம் உண்டு. மேலேறியவர் மயங்கினால் ஏறிச் சென்று இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நின்றாக வேண்டும் என்பது அங்கே விதி. கூடு கட்டிய பறவை இருக்கிறதா என்று பார்க்காமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது. கூட்டைக் கலைப்பது பிரிட்டனின் 1981-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். இவ்வளவு இருந்தும் அவர்கள் கவலைகள் சிறியன அல்ல. வருஷக்கணக்கில் ரம்பத்தின் அதிர்வு ஏறிய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகின்றன. தோளும் முதுகும் நடுத்தர வயதுக்கு முன்பே தேய்கின்றன. 1960-களின் பிற்பகுதி முதல் பரவிய நோயொன்று பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் அதிகமான எல்ம் மரங்களைக் கொன்றது. 2012-இல் அங்கே கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் இப்போது ஆஷ் மரங்களைக் கொன்று வருகிறது. நோயுற்ற ஆஷ் மரம் முறுக்கற்று, முன்னறிவிப்பில்லாமல் முறியும்; அதில் கயிற்றைப் போட்டு ஏறுவது ஆபத்து என்பதால் இயந்திரத் தூக்கியில் நின்று வெட்டுகிறார்கள்.

நம் ஊர்ப் பெரியவருக்கு இருந்தது ஒரு வடக்கயிறு, ஒரு அரிவாள், ஒரு ரம்பம், கீழே கயிறு பிடிக்க அவர் மருமகன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மேலே முசுறு எறும்புக் கூடு இருந்தது. கழுத்திலும் கண்ணிமையிலும் கடிவாங்கிக்கொண்டே வேலை செய்தார். தேனடை இருந்தால் அன்று வேலை இல்லை என்றார். விழுந்தால் வைத்தியச் செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நான் கேட்டபோது, கேள்வியே புரியாதவரைப் போலப் பார்த்தார்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்பினேன். நம் பக்கத்தில் பல இடங்களில் வெட்டுக்கூலி பணமாகத் தரப்படுவதில்லை, அல்லது பேருக்குத் தரப்படுகிறது. வெட்டிய விறகை எடுத்துக்கொள்ளலாம் என்பதே பேரம். விறகு கூலியாகும்போது, வெட்டாமல் விட்ட கிளை ஒவ்வொன்றும் அந்த ஏழையின் குடும்பத்துக்கு நஷ்டம். எந்தக் கிளை பருத்திருக்கிறதோ அதன் மேல் கை போகிறது; எந்தக் கிளை மரத்தின் நிறைக்கு அவசியமோ அதுவே பெரும்பாலும் பருத்த கிளை. தவறு அவருடையதன்று, பேரம் பேசியவருடையது. கவாத்து செய்வது நிற்கும் மரத்தின் பொருட்டுச் செய்யும் வேலை. அதற்கு ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுத்து, எதை வெட்டலாகாது என்பதை முதலில் பேசி முடிவு செய்துவிட்டால், கையில் அரிவாள் வைத்திருப்பவரே மரத்தின் முதல் காவலராகிவிடுவார்.

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்ததை நேரில் பார்த்தவர்கள், விழுந்தவற்றின் வேரடியையும் பார்த்திருப்பார்கள். அடிமரம் வரை சிமெண்டுத் தளம். குழாய்க்கும் கம்பிக்கும் தோண்டிய பள்ளத்தில் ஒரு பக்கத்து வேர் முழுவதும் அறுபட்டுப்போன தடம். மேலே, கம்பியில் படாதிருக்க ஒரு பக்கம் மட்டும் கழிக்கப்பட்டு மறுபக்கம் கனத்த தலை. உச்சியை மொட்டையடித்தால் மரம் பயந்து துளிர்க்கும். அந்தப் புதுக் கொம்புகள் வைரத்திலிருந்து புறப்படாமல் பட்டைக்கடியில் மேலாக ஒட்டிக்கொண்டு எழுபவை. நான்கைந்து வருஷத்தில் பருத்து, முதல் பெருங்காற்றில் பிய்த்துக்கொண்டு விழும். அடையாற்றில் பிரும்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் 1989-இல் காற்றில் தாய்மரத்தை இழந்த பிறகும் விழுதுகளின் பலத்தில் இன்றும் பரந்து நிற்கிறது. அதன் விழுதுகளுக்கு இறங்கிக் காலூன்ற மண் இருந்தது.

எங்கள் தெருக் கிளை மதியத்துக்குள் துண்டு துண்டாகக் கயிற்றில் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து, "அந்தப் பக்கத்துக் கிளையையும் எடுத்துடுங்களேன், ஒரே சருகா கொட்டுது" என்றார். பெரியவர் கவட்டில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். "அது வேணாம்மா. அதையும் எடுத்தா மரம் தெருப் பக்கமா பாரம் வாங்கிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கி, வேரின் மேல் உட்கார்ந்து டீ குடித்தார். அன்றைய கூலியை நாங்கள் நான்கு வீட்டாரும் பங்கிட்டுப் பணமாகக் கொடுத்தோம்.

அடுத்த ஐப்பசியில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வெட்டின் முகம் வெயிலில் கறுத்துக் காய்ந்திருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, எங்கும் அறுபடாமல், ஒரு விரல் அகலத்துக்குப் புதுப் பட்டை வளையமாக எழும்பியிருந்தது.