25 வயதில் உடுத்திய வெள்ளைப் புடவை

'ஔவையார்' படம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நரைத்த தலை, நெற்றி நிறைய விபூதி, கையிலே கோல், கணீரென்ற குரல். அந்தப் பாட்டிக்கும் ஒரு வாலிபப் பருவம் இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் 1953-இல் அந்தப் படம் வெளிவந்தபோது ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளுக்கு 45 வயது கூட நிறையவில்லை! அந்த வயதில் நம்மில் பலர் நாலு நரைமுடியைக் கண்டாலே கண்ணாடியோடு சண்டைக்குப் போகிறோம்.

அம்மையார் 1908-இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். வறுமை மிகுந்த குடும்பம். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டு, ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எஃப். ஜி. நடேசய்யர்தான் அவரை மேடைப் பக்கம் திருப்பிவிட்டார் என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்து நாடகமேடையைச் சற்று மனத்தில் நினைத்துப் பாருங்கள். மைக் கிடையாது. இரவு முழுவதும் நாடகம். தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் கூச்சல் கிளம்பும். இப்படிப்பட்ட மேடையில் உச்ச ஸ்தாயியில் அநாயாசமாகச் சஞ்சரித்து, தமிழ்நாட்டையே மயக்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1926-இல் கொழும்பில் அவரோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தபோது, "அந்தக் குரலுக்கு உன்னால் ஈடு கொடுக்க முடியுமா?" என்று பயமுறுத்தியவர்களும் உண்டாம். ஈடு கொடுத்தார். 'வள்ளி திருமண'த்தில் அந்த ஜோடியைக் காண ஜனங்கள் ஊர் விட்டு ஊர் வந்தார்கள்.

மேடை ஜோடி வாழ்க்கை ஜோடியும் ஆயிற்று. கிட்டப்பாவுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடத்தான் வேண்டும். பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு எல்லாம் வந்தன. அந்த நாட்களில் அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. இத்தனை புகழ் பெற்ற பெண்ணா இப்படி ஏங்கி எழுதினாள் என்று படிப்பவர் மனம் கசியும்.

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் மாற்றவே இல்லை. இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் சபதம் செய்துகொண்டார்.

நடிப்பையே ஜீவனமாகக் கொண்ட பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விலங்கு! கதாநாயகன் இல்லாமல் கதாநாயகி ஏது? அத்தோடு அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள்.

'நந்தனார்' படத்துக்கு அழைப்பு வந்தது. கேட்டதும் ஓடிவிடட்டும் என்று நினைத்தோ என்னவோ, ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். தயாரிப்பாளர் ஹஸன்தாஸ் ஓடவில்லை. சரி என்று சொல்லிவிட்டார். பவுன் மலிவாக விற்ற காலத்தில் ஒரு லட்சம்! 1935-இல் வெளிவந்த அந்தப் படத்தில் அம்மையாரே நந்தனார். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். நாயகனே தாமாகிவிட்டால் ஜோடி எதற்கு?

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களையும் பாருங்கள். 1940-இல் மணிமேகலை, அரசகுமாரனின் காதலை உதறித் துறவு பூண்டவள். அப்புறம் ஔவை. 1964-இல் 'பூம்புகா'ரில் சமணத் துறவி கவுந்தியடிகள். முருக பக்தையான அம்மையார் அந்த வேடத்துக்கு முதலில் தயங்கினார், பிறகுதான் இணங்கினார். 1965-இல் 'திருவிளையாட'லில் மறுபடி ஔவை. சபதத்துக்கு இடையூறு செய்யாத வேடம் ஒவ்வொன்றாக அவரைத் தேடிக்கொண்டு வந்தது. அரைகுறை நடிகையாக இருந்திருந்தால் வந்திருக்குமா, சொல்லுங்கள்!

விருதுகளும் வந்தன. 1969-இல் வெளியான 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது; 1970-இல் பத்மஸ்ரீ. சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

கல்யாணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் மூப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் ஔவை என்பது கதை. காரைக்கால் அம்மையாரும் அழகை உதறிப் பேயுரு வேண்டியவர். 1973-இல் ஏ. பி. நாகராஜன் 'காரைக்கால் அம்மையார்' எடுத்தபோது, கணவனோடு குடித்தனம் நடத்தும் இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார். இளமையைத் துறந்தபின் வரும் அம்மையார் வேடம் சுந்தராம்பாளுக்கு. அப்போது அவருக்கு வயது 65. குரல் மட்டும் மைக்கில்லாத நாடகமேடையில் நிற்பது போலவே ஒலித்தது. 1980-இல் காலமாகும் வரையில் அந்த வெள்ளைப் புடவைதான்.